வெண்பைன் மரமும் அதன் குருத்தைத் துளைக்கும் கூன்வண்டும்

பனையையும் தென்னையையும் பார்த்து வளர்ந்தவர் நாம். மரமொன்றுக்குக் குருத்து ஒன்றே. குருத்துப் போனால் மரமும் போயிற்று என்பது நம்மூர்ச் சிறுபிள்ளையும் அறிந்த செய்தி. காண்டாமிருக வண்டு துளைத்த தென்னங் குருத்து விரியும்போது ஓலை கத்தரித்தாற்போல் வெட்டுண்டு தோன்றுவதையும், செந்நிறக் கூன்வண்டின் குடம்பிகள் உள்ளே அரித்த தென்னை ஒருநாள் வட்டோடு சரிந்து விழுவதையும் வளவுகளிற் கண்டிருக்கிறோம். அங்கே வழக்கு எளிது. பூச்சி வென்றால் மரம் இறக்கும்; தோற்றால் மரம் பிழைக்கும்.

வட அமெரிக்காவின் ஊசியிலைக் காடுகளில் நடைபெறும் வழக்கு இத்துணை எளிதன்று. அங்கும் ஒரு கூன்வண்டு மரத்தின் குருத்தைத் தேடிச் சென்று துளைக்கிறது. குருத்து இறக்கிறது. மரமோ இறப்பதில்லை, நூறாண்டுக்கு மேலும் பசுமையாய் நிற்கிறது. எனினும் அம்மரத்தை நம்பி நிலத்தை ஒதுக்கி, முப்பது நாற்பது ஆண்டு காத்திருந்தவன் அதனை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையிற் கைவைத்துக்கொள்கிறான். வண்டு கொண்டுபோனது மரத்தின் உயிரையன்று. அதன் நேரான தண்டை. இஃது எவ்வாறு நிகழ்கின்றது என்பதையும், இதில் மனிதனுடைய கைவரிசை எவ்வளவு என்பதையுமே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

முதலில் மரத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பைன் என்பது ஊசி போன்ற இலைகளையும் செதில் அடுக்கிய கூம்புகளையும் உடைய மரம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நமது மலைநாட்டுச் சரிவுகளிலும் பைன் வகையொன்று பரவலாக நடப்பட்டது. நுவரெலியாப் பக்கம் போய்வந்தோர் அதனைக் கண்டிருப்பர். அது கரிபியன் தீவுகளையும் நடு அமெரிக்காவையும் சார்ந்த இனம். நாம் பேசவெடுத்த வெண்பைனோ ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிக்கும் கனடாவின் கிழக்குப் பகுதிக்கும் உரியது. அதன் ஊசிகள் ஐந்தைந்தாய்ச் சேர்ந்திருக்கும். மரம் மென்மையானது, இலேசானது, உளிக்கு எளிதில் வசப்படுவது. பழங்காடுகளில் நூற்றைம்பது அடிக்கு மேல் உயர்ந்த வெண்பைன்கள் நின்றன.

இம்மரத்தின் வளர்ச்சி முறை கணக்குப் பிள்ளையின் ஒழுங்கை உடையது. ஒவ்வொரு இளவேனிலிலும் நுனியிலுள்ள தலைமொட்டு ஒரே நேர்தளிராக மேலே எழுகின்றது. அதனைச் சூழ்ந்திருக்கும் பக்கமொட்டுக்கள் சக்கரத்தின் ஆரைகள் போலக் கிளைகளாய் விரிகின்றன. ஆண்டுக்கு ஒரு தளிர், ஒரு கிளைச்சுற்று, இவ்வளவுதான். ஆதலால் இளமரமொன்றின் கிளைச்சுற்றுக்களை எண்ணினால் அதன் வயது தெரியும். இரு சுற்றுக்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்தால் எவ்வாண்டு எத்துணை வளர்ந்தது என்பதும் தெரியும். தலைத்தளிர் உயிரோடிருக்கும் வரை கீழ்க்கிளைகள் பக்கவாட்டிலேயே நிற்கும். நுனியிலிருந்து கீழிறங்கும் ஒட்சின் என்னும் வளர்ச்சிப் பதார்த்தம் அவற்றை அடக்கிவைக்கிறது என்பர் தாவரவியலார். தலை ஒன்றாய் இருந்தமையினாலேயே வெண்பைனின் தண்டு தச்சன் நூல் பிடித்தாற்போல் நேராய் நின்றது.

அந்நேர்மைக்காக ஒரு பேரரசே அதன்மேற் கண்வைத்தது. பாய்க்கப்பற் காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு நீண்ட பாய்மரங்கள் இன்றியமையாதன. ஒரே மரத்தாலான பெரிய பாய்மரத்தை இங்கிலாந்தின் காடுகள் கொடுக்கவில்லை. எனவே 1691ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் குடியேற்றத்துக்கு வழங்கப்பட்ட சாசனத்திலே, தனியாருக்கு முன்னர் வழங்கப்படாத நிலத்தில் நிலமட்டத்துக்கு 12 அங்குலம் மேலே 24 அங்குல விட்டமும் அதற்கு மேலும் உள்ள மரங்கள் எல்லாம் மன்னருக்கே உரியவை என்றும், உத்தரவின்றி வெட்டுவோர் மரமொன்றுக்கு 100 பவுண் தண்டம் இறுக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அளவையாளர் வந்து கோடரியால் மூன்று வெட்டு வெட்டி அம்புக்குறி பொறித்துவிட்டால், தன் வாசலில் நிற்கும் மரத்தைத் தானே தொடமுடியாது. பொறுமை இழந்த குடியானவர்கள் 1772ஆம் ஆண்டு நியூ ஹம்சயரில் உள்ள வியர் என்னும் ஊரில், குறியிட்ட மரங்களுக்காகத் தம்மைப் பிடிக்க வந்த அதிகாரியையும் அவருடைய துணைவரையும் பிரம்பு கொண்டு அடித்துத் துரத்தினர். அமெரிக்கப் புரட்சிக்கு முன்னோடியாய் அமைந்த நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றென எண்ணப்படுகிறது.

பாய்மரத்தின் அருமையை நம்மவருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, பெருங்கடல் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சேர்ந்த இடம் இதே மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகமே.

இனி வண்டுக்கு வருவோம். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் முதலாவது இயற்கை வரலாற்றுப் பேராசிரியராய் விளங்கியவர் வில்லியம் டான்றிட்ஜ் பெக் என்பார். வெண்பைனின் தலைத்தளிர்கள் வாடி மடிவதற்குக் காரணம் ஒரு சிறிய கூன்வண்டே என்பதை எடுத்துக்காட்டி, 1817ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் வேளாண்மைச் சஞ்சிகையில் அவர் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் ரிங்கோபோரஸ் ஸ்துரோபி என்பது. இப்பெயரின் முற்பகுதி நம்மவர்க்குப் புதிதன்று. மூக்குத் தாங்கி எனப் பொருள்படும் அச்சாதிப் பெயரை இன்றும் சுமந்து நிற்பது நம் தென்னையைக் கெடுக்கும் செந்நிறக் கூன்வண்டுதான். அவ்வாண்டிலேயே ஜேர்மனியரான ஜேர்மார் என்பவர் பிசோடஸ் என்றொரு புதிய சாதியை வகுத்தார். பெக் கண்ட வண்டு பின்னர் அதனுட் சேர்க்கப்பட்டது. பிசோடஸ் என்பதற்குக் கிரேக்க மொழியிற் கீலைப் போன்றது என்பது பொருள். பிசினில் வாழ்வதற்குப் பொருத்தமான பெயரே.

நிறைவுடலியான வண்டு ஓர் அங்குலத்தில் ஐந்திலொரு பங்கு நீளமே உடையது. உடல் கபில நிறம். முதுகிலே வெண்மையும் வெளிர்மஞ்சளுமான செதிற்புள்ளிகள். தலை முன்புறம் நீண்டு கீழ்நோக்கி வளைந்து ஒரு மூக்காகி, அதன் நுனியிலே வாயுறுப்புக்கள் அமைந்திருக்கும். பழைய அரிசிச் சாக்கை உதறும்போது உதிரும் மூக்குவண்டைக் கண்டவர்கள் இதனை ஒருவாறு உருவகித்துக் கொள்ளலாம்.

பனிக்காலம் முழுவதும் இவ்வண்டு மரத்தடிச் சருகினுள்ளே உறங்கிக் கிடக்கும். ஏப்பிரில் மாதமளவில் வெயில் சற்றே உறைத்ததும் வெளிப்பட்டு, மரத்தில் ஏறி நுனியை அடைகிறது. சில பறந்தும் செல்லும். அது தேடுவது சென்ற ஆண்டு வளர்ந்த தலைத்தளிரையே. அத்தளிரின் நுனிமொட்டுக்குச் சற்றுக் கீழே நின்று, மூக்கை மரப்பட்டையுட் செலுத்தி உள்ளிருக்கும் உரியத்தைத் தின்னும். தின்ற ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சொட்டுப் பிசின் கசிந்து வெயிலிலே பளிச்சிடும். காட்டதிகாரிகள் இளவேனிலிற் தோட்டங்களைச் சுற்றிவரும்போது அண்ணாந்து தேடுவது இப்பளிச்சீட்டைத்தான். வண்டைக் காண்பது அரிது. ஆளரவம் கேட்டால் பிடியைத் தளர்த்திவிட்டுச் சருகிலே விழுந்து மறைந்துவிடும்.

தின்ற துளைகள் சிலவற்றிலே பெண்வண்டு முட்டையிடுகின்றது. துளைக்கு ஒன்றிரண்டு, சிலவேளை நாலைந்து. இட்டபின் தன் கழிவினாலேயே வாயை அடைத்துவிடும். பருவமொன்றில் ஒரு பெண்வண்டு நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகள் இடவல்லது. ஏறத்தாழ ஒருகிழமை பத்துநாளிற் குடம்பிகள் வெளிவருகின்றன. காலில்லாத, வெண்ணிறமான, வளைந்த சிறு புழுக்கள் அவை. இப்போது நடப்பதுதான் இப்பூச்சியின் வரலாற்றிலே வியப்புக்குரிய பகுதி.

பிசின் என்பது மரத்தின் படைக்கலம். உரியத்தினூடே ஓடும் பிசின் கால்வாய் ஒன்றைத் தனிப்புழு கடித்தால், பொங்கிவரும் பிசினிலே அது மூழ்கிச் சாகும். பலவும் இவ்வாறே சாகின்றன. ஆனால், ஒருமித்துப் பிறந்த குடம்பிகள் எல்லாம் தலையைக் கீழ்நோக்கி வைத்து, தோளோடு தோள் சேர்ந்து, தளிரைச் சுற்றி ஒரு வளையமாய் நிரைகொண்டு, பட்டைக்கடியில் கீழே கீழே தின்றுகொண்டு செல்கின்றன. சூடு மிதிக்கும் மாடுகள் பிணையலாய்ச் சுற்றுவதுபோல் என்று சொல்ல வந்தோம். ஆனால் மாடு நின்ற இடத்தைச் சுற்றும், இவையோ வளையத்தோடு கீழிறங்கும். சுற்றுவட்டம் முழுவதும் ஒரேவேளையில் அறுபடுவதால் கால்வாய்களுக்குப் பிசின் வந்து சேர வழியில்லை. வளையத்திற் சேராது பின்தங்கிய குடம்பிக்குப் பிழைப்பு அரிது. தொகை போதாமல் வளையம் முற்றாதுபோனால், தளிர் சிலவேளை தப்பிக்கொள்ளும்.

உரியம் வளையமாய் அறுபட்ட பின்னர் மேலேயுள்ள தளிர் என் செய்யும்? யூன் மாதத்திலே, அவ்வாண்டுக்குரிய புதுத்தளிர் முழங்கால் உயரம் எழுந்து நிற்கும் வேளையில், திடீரென வாடி, தலை கவிழ்ந்து, ஆட்டிடையனின் கோல்போல் வளைந்து தொங்குகின்றது. பின்பு ஊசிகள் செந்நிறமாகி உதிர்கின்றன. சென்ற ஆண்டின் வளர்ச்சியும் இவ்வாண்டின் வளர்ச்சியும் ஆக ஈராண்டு உழைப்பு போயிற்று. குடம்பிகள் மேலும் கீழிறங்குமாயின் மூன்றாண்டு, நான்காண்டு வளர்ச்சியும் போவதுண்டு.

ஐந்தாறு கிழமை தின்று கொழுத்த குடம்பி பட்டையை விட்டுக் காழினுள்ளும் அதன் நடுவேயுள்ள சோற்றினுள்ளும் ஒரு சிற்றறையைக் குடைந்து, மரநாரைக் கிழித்து மெத்தைபோற் பரப்பி, அதனுட் கூட்டுப்புழுவாய்க் கிடக்கின்றது. மரத்துளைப்பி என்ற பெயருக்கு உரிய செயல் இதுவே. யூலை நடுப்பகுதி தொடக்கம் செப்தெம்பர் வரை புதுவண்டுகள் வட்டத் துளையிட்டு வெளிவந்து, கிளைகளின் பட்டையைத் தின்று உடலைத் தேற்றிக்கொண்டு, குளிர் வந்ததும் சருகினுள் இறங்கிவிடும். ஆண்டுக்கு ஒரு தலைமுறை. ஆயினும் நிறைவுடலிகள் சில ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் வாழ்ந்து மீண்டும் மீண்டும் முட்டையிடுவதால், ஓராண்டு அழித்தோம், இனி இல்லை என்று யாரும் நிம்மதி கொள்ள இயலாது.

தலை இழந்த மரத்தின் நிலையைப் பார்ப்போம். நுனி இறந்ததும் கீழிருந்த கிளைச்சுற்றின் கட்டுத் தளர்கின்றது. அடங்கிக் கிடந்த கிளைகள் ஒவ்வொன்றும் மேல்நோக்கி வளையத் தொடங்குகின்றன. ஒரு கிளை விரைவில் மற்றவற்றை முந்திவிட்டால் அதுவே தலைமை ஏற்கும். தண்டிலே ஒரு முழங்கை வளைவு மட்டும் எஞ்சும். இரண்டு சமமாய் எழுந்தால் மரம் கவராகிவிடும். புதிய தலைமையும் சில ஆண்டில் துளைக்கப்பட்டால் மீண்டும் அதே கதை. ஐந்தாறு முறை இவ்வாறு நேர்ந்த வெண்பைன் குட்டையாய், அகலமாய், கிளைமலிந்து, கோவா போலக் காட்சியளிப்பதால் அந்நாட்டார் அதனைக் கோவாப் பைன் என்றே கேலியாய் அழைப்பர்.

வண்டு பெரும்பாலும் மூன்றடி உயரத்திலிருந்து முப்பதடி உயரம் வரையுள்ள இளமரங்களையே நாடுகின்றது. மரவாலைக்காரன் பொன்போற் போற்றுவது அடிமரத்தின் முதற் பதினாறு அடித் துண்டை. இவ்விரு செய்தியையும் சேர்த்துப் பார்த்தால் நட்டத்தின் தன்மை விளங்கும். மரத்தின் விலைமதிப்பு எங்கே இருக்கின்றதோ அங்கேயே வளைவும் விழுகின்றது. வளைவுள்ள துண்டை அறுத்தால் பலகை குறையும். வளைவின் இருபுறமும் நார் குறுக்கே ஓடும். தடித்த கிளை இருந்த இடமெல்லாம் பெருங்கணு. இறந்த நுனியின் காயத்தினூடு உளுப்பும் புகுவதுண்டு. பாய்மரம் ஆகவேண்டியது பெட்டிப் பலகை ஆகின்றது.

இத்துணை கெடுதி செய்யும் பூச்சி பழங்காட்டில் இருக்கவில்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அதற்கு அங்கே வசதி குறைவு. வண்டுக்கு வேண்டியவை மூன்று: வெயில் படும் பட்டைச் சூடு, தடித்த தளிர், தடித்த பட்டை. பெருமர நிழலில் எழும் இளம்பைனின் தளிர் மெல்லியது, பட்டை குளிர்ந்தது, குடம்பிகள் நிரைகொண்டு தின்ன அதில் இடமில்லை. வெட்டவெளியிலே தனித்து நிற்கும் இளம்பைனோ வெயிலை உண்டு கொழுத்துத் தடித்த தளிரை நீட்டுகின்றது. வேகமாய் வளரும் மரமே வண்டுக்கும் விருப்பமான மரம்.

அவ்வெட்டவெளியை உண்டாக்கினவன் மனிதன். நியூ இங்கிலாந்துக் குடியானவர் காடுகளை அழித்துக் கல்வேலி கட்டி மேய்ச்சல் நிலம் ஆக்கினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே மேற்கில் வளமான நிலங்கள் திறக்கப்பட்டு இருப்புப்பாதைகளும் ஓடத்தொடங்கியதும், கல்லோடு போராடிய இக்குடியானவர்கள் நிலங்களைக் கைவிட்டுச் சென்றனர். சிறகுள்ள வெண்பைன் விதை காற்றிலே பறந்து அவ்வெறுநிலங்களில் விழுந்தது. சில பத்தாண்டுகளில் மைல்கணக்காய், வேறு மரக் கலப்பின்றி, வெயிலிலே குளித்த வெண்பைன் காடுகள் எழுந்தன. கூன்வண்டுக்கு இதனினும் பெரிய விருந்து வரலாற்றில் எவரும் வைத்ததில்லை. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்திலே அக்காடுகள் வெட்டப்பட்டபோது, பெருந்தொகையான மரம் பெட்டிகள் செய்யவே போயிற்று.

1907ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸில் பீற்றர்ஸம் என்னும் ஊரில் நிறுவப்பட்ட ஹாவார்ட் ஆய்வுக்காட்டினர் இச்சிக்கலை நெருங்கி நின்று பார்த்தவர்கள். மருந்தை நாடாமல், காட்டை வளர்க்கும் முறையாலேயே வண்டை அடக்குவது எவ்வாறு என்று ஆராய்ந்த வெளியீடொன்று 1922ஆம் ஆண்டு அங்கிருந்து வந்தது. அதன் வழி வந்த அறிவுரை இன்றும் மாறவில்லை. இளம்பைனை அகன்ற இலைமரங்களின் அரைநிழலில் வளரவிடுக. அன்றேல் மிக நெருக்கமாய் வளரவிடுக. முதற்றுண்டின் உயரத்தைத் தாண்டிய பின் மேலுள்ள மரங்களை நீக்கி வெளிச்சம் கொடுக்குக. நெருங்கி நின்றால் தலையிழந்த மரமும் அயல்மரங்களின் நெருக்கத்தால் விரைந்து நிமிரும். வளைந்தவற்றைக் களைந்தாலும் போதிய நேர்மரங்கள் எஞ்சும்.

சொல்வதற்கு எளிது. நிழலிலே வெண்பைனின் வளர்ச்சி மந்தமாகும். பத்தாண்டிற் காணவேண்டிய உயரத்தை இருபதாண்டிற் காண்பதென்றால், நிலத்துக்கு வரி இறுப்பவனுக்கு அது வாய்க்கு ருசிக்கும் அறிவுரை அன்று. வெண்பைன் காட்டுச் சொந்தக்காரர் தலைமுறை தலைமுறையாய்ச் செய்துவரும் பேரம் இது: விரைவா, நேர்மையா? இரண்டையும் ஒருங்கே கேட்டவர்கள் மருந்தை நாடினர். 1940ஆம் ஆண்டுகளின் பிற்பகுதி தொடக்கம் டி. டி. ரி. தெளிக்கப்பட்டது, வண்டு குறைந்தது. அம்மருந்து பறவைகளுக்கும் மீன்களுக்கும் செய்த கேட்டை உலகம் பின்னர் அறிந்தது. 1972ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கா அதன் வேளாண்மைப் பயனைத் தடைசெய்தது.

சிறு தோட்டக்காரருக்கு மிக எளியதொரு வழியும் உண்டு. அதனை நாம் விரும்பிக் கூறுகின்றோம். வாடிய தளிரை யூலை நடுப்பகுதிக்கு முன், குடம்பிகள் இறங்கிய எல்லைக்குக் கீழே, உயிருள்ள பகுதியில் வெட்டுக. சுற்றிலுள்ள கிளைகளுள் திடமான ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் குறுக்குக. வெட்டிய தளிர்களை எரித்துவிடலாம். அதனினும் நன்று, அவற்றை ஒரு பீப்பாயில் இட்டு வாயை நுண்ணிய கம்பிவலையால் மூடிக் காட்டோரத்தில் வைத்தல். ஏனெனில், அத்தளிர்களுள்ளே வண்டின் குடம்பிகள் மட்டுமல்ல, அவற்றைத் தின்னும் ஒருவகை ஈயின் புழுக்களும், அவற்றின் உடலிலே முட்டையிடும் சிறு குளவிகளின் பிள்ளைகளும் வளர்கின்றன. வலைக்கண் அளவாய் இருந்தால் மெல்லிய ஈயும் குளவியும் பறந்து காட்டுக்குத் திரும்பும். பருத்த வண்டு உள்ளேயே கிடந்து மடியும்.

இதுவரை கிழக்குக் கரைக் கதையைக் கூறினோம். கண்டத்தின் மறுகரையிலே, அலாஸ்கா தொடக்கம் கலிபோர்ணியாவின் வடபகுதி வரை, பசிபிக் கடலோரமாய் ஓர் ஒடுங்கிய நாடாப்போல் சிற்கா ஸ்புறூஸ் மரக்காடுகள் உள்ளன. ஸ்புறூஸும் ஊசியிலை மரமே. ஆனால் பைனைப்போல் ஊசிகள் கட்டுக்கட்டாய் இராது, தனித்தனியே நிற்கும். முந்நூறடி உயரம் எட்டிய சிற்கா ஸ்புறூஸ்களும் உண்டு. எடைக்கு ஒப்பப் பார்த்தால் வலிமை மிகுந்த மரமாதலால், முதலாம் உலகப்போரில் விமானங்களின் எலும்புக்கூடு இதனாலேயே ஆக்கப்பட்டது. இதனை வெட்டுவதற்கென்றே அமெரிக்கப் படையில் 1917ஆம் ஆண்டு ஒரு தனிப்பிரிவு அமைந்தது. பியானோவின் ஒலிப்பலகைக்கும் உகந்தது.

இம்மரத்தின் தலைத்தளிரையும் ஒரு கூன்வண்டு துளைக்கக் கண்டனர். உள்நாட்டு மலைகளில் வளரும் எங்கல்மன் ஸ்புறூஸையும் ஒன்று துளைத்தது. அமெரிக்கப் பூச்சியியலாரான ஹொப்கின்ஸ் இவற்றைத் தனித்தனி இனங்களாகக் கொண்டு வெவ்வேறு பெயரிட்டார். அரை நூற்றாண்டு கழிந்து, நிறமூர்த்தங்களை ஒப்பிட்டும் ஒன்றோடொன்று கூடவிட்டும் பார்த்த ஆராய்ச்சியின் பயனாக, மூன்றும் ஒரே இனம் என்னும் முடிவு 1969ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. பெக் கொடுத்த ஸ்துரோபி என்னும் பின்பெயரே மூன்றுக்கும் நிலைத்தது. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்ட நோர்வே ஸ்புறூஸையும் இவ்வண்டு தன் சொந்தச் சொத்தாகவே பாவிக்கின்றது என்பதையும் சொல்லிவைப்போம்.

பிரித்தானியக் கொலம்பியாவிலே நேர்ந்த இடர் நியூ இங்கிலாந்தினும் பெரிது. பழங்காட்டை வெட்டிய வெளிகளிலே சிற்கா ஸ்புறூஸ் கன்றுகள் நடப்பட்டன. ஆண்டுதோறும் தலை வெட்டுண்ட கன்றுகள் உயரமுடியாது புதர்களாயின. அயலிற் செழித்த வேறு செடிகள் மூடிக்கொள்ள அவற்றுள் பல மடிந்தும் போயின. ஒருகட்டத்திலே அம்மாகாணத்தின் பல பகுதிகளில் இம்மரத்தை நடுவதையே காட்டதிகாரிகள் கைவிட்டனர். அவர்கள் அறிந்துகொண்ட செய்தியொன்று பயனுடையது. முட்டை முதல் வண்டாவது வரை இப்பூச்சிக்கு ஒரு குறித்த அளவு வெப்பம் திரளவேண்டும், 7.2 பாகை சதமவெப்பத்துக்கு மேற்பட்ட வெப்பநாட்கள் ஏறத்தாழ 888 எனக் கணித்தனர். மூடுபனி சூழ்ந்த குளிர்ந்த கரைகளில் அவ்வளவு திரள்வதில்லை. ஆதலின் அங்கே மரம் தப்பிற்று. வடக்கே கடல் நடுவேயுள்ள ஹைடா குவாய்த் தீவுகளில் இவ்வண்டே கிடையாது.

பல இடங்களிலிருந்து விதை திரட்டி, ஒரே நிலத்தில் அருகருகே நட்டு ஒப்பிடும் சோதனைத் தோட்டங்கள் அங்கே இருந்தன. எந்த விதை விரைவில் வளரும் என்று காண்பதற்காக இடப்பட்டவை அவை. கூன்வண்டு உள்ளே புகுந்தபோது சோதனை கெட்டது என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால், இருபுறமும் தலையிழந்த கன்றுகள் நிற்க, இடையே சில வரிசைகள் மட்டும் நேராய் எழுந்து நின்றன. அவ்விதைகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வந்தவை: பிறேசர் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஹெய்னி, வன்கூவர் தீவின் கிழக்குக் கரையிலுள்ள குவாலிகம். இரண்டும் மற்றைக் கரையோரத்தினும் வெயில் மிகுந்த பகுதிகள். அதாவது, வண்டு நன்றாய்ப் பெருகக்கூடியவை. நெடுங்காலம் வண்டோடு வாழ்ந்த மரங்கள் அதனை எதிர்க்கக் கற்றிருந்தன. ஹைடா குவாயிலிருந்து வந்த கன்றுகளோ வண்டின் முகத்தையே காணாத குலத்தில் பிறந்தவை. அவை எளிதில் வீழ்ந்தன.

அந்த எதிர்ப்பு எங்கே தங்கியிருக்கிறது என்று கண்டறிய ஆராய்ச்சியாளர் ஒரு வேடிக்கையான தொழிலை மேற்கொள்ள நேர்ந்தது. ஒழிக்கவேண்டிய வண்டையே அவர்கள் தொகையாய்ச் சேர்த்துக் கன்றுகளின்மேற் கொண்டுபோய் விட்டார்கள். எந்த மரம் தாங்கும், எது தாங்காது என்பதை வேறெவ்வாறு அறிவது? எதிர்ப்புடைய மரங்களின் பட்டையில் பிசின் கால்வாய்கள் மிக நெருக்கமாய் இருந்தன. பட்டைக்குள்ளே கல்போன்று இறுகிய சுவருடைய உயிரணுக்களும் திரள்திரளாய்க் கிடந்தன. பேரிக்காயைக் கடிக்கும்போது பல்லில் நறநறவென்று படுவதும் இதே வகை அணுவே. முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குடம்பிக்கு அந்நறநறப்பு ஒரு கற்சுவர். அத்தகைய மரத்தைத் தின்ற பெண்வண்டின் கருவகங்கள் சரிவர முதிராமற்போவதையும் கண்டனர்.

அம்மரங்களுள் எச்898 என எண்ணிட்ட ஹெய்னி மரம் ஆராய்ச்சி ஏடுகளில் மீண்டும் மீண்டும் வருவது. எதிர்ப்புடைய தாய்மரங்களைக் கொண்டு விதைத் தோட்டங்கள் அமைக்கப்பட்டு, கைவிடப்பட்ட இடங்களிலே சிற்கா ஸ்புறூஸ் மீண்டும் நடப்படலாயிற்று. இம்முறை வேறு மரங்களோடு கலந்து நடுவதையே விரும்புகின்றனர். ஆண்டுக்கொரு தலைமுறை காணும் வண்டு, நூறாண்டுக்கு ஒருமுறை வெட்டப்படும் மரத்தின் புதிய அரணையும் ஒருநாட் கடக்கக் கற்கக்கூடும் என்னும் ஐயம் அவர்களுக்கு உண்டு. கலந்து நடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்புடைய மரமும் இளவேனிலில் வண்டின் மூக்குக்குத் தப்புவதில்லை. துளை விழுகின்றது, முட்டையும் இடப்படுகின்றது. ஆனால் அக்காயத்தின் செய்தி உள்ளே எட்டியதும், அவ்வாண்டு பிறக்கும் புதுக்காழிலே வழமைக்கு மாறாகப் பிசின் கால்வாய்கள் வளையமாய்த் தோன்றுகின்றன. பிசின் சொட்டாக அன்றி ஒழுக்காகவே பெருகி, முட்டையையும் குடம்பியையும் மூழ்கடித்துத் தளிரின் ஓரமாய் வழிந்து, உலர்ந்து வெண்ணிறக் கோடாய் நிற்கும். யூன் மாதத்திலே அத்தோட்டத்துக்குச் செல்வோர், தலை கவிழ்ந்த மரங்களுக்கு நடுவே, பட்டையிலே வெண்கோடு வழிந்த மரங்கள் நேராய் நிற்பதைக் காணலாம்.